நேனி

ஆங்கிலக் கார்ட்டூனில் ஒரு சிறுமி தன் பாட்டியை ‘நேனி’ என்று கூப்பிடுவதைக் கேட்டதிலிருந்து சுகந்தியின் மகள் மிதுனாவும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தாள். சுகந்தியின் அம்மா தனபாக்கியத்துக்கு அதில் ஏகப் பெருமை. பேத்தி எந்த அறையிலிருந்து கூப்பிட்டாலும் ஈரக்கையோடு ஓடுவாள்.

அன்று லிஃப்டில், மேல்மாடிக்குப் புதிதாகக் குடிவந்திருந்த பெண், மிதுனா ‘நேனி’ என்று கூப்பிட்டதைக் கேட்டுச் சுகந்தியிடம் பேச்சுக் கொடுத்தாள். “உங்க நேனி குழந்தைய ரொம்ப நல்லாப் பாத்துக்கறாங்க. எங்களுக்கும் ஒரு ஆயா வேணும். எந்த ஏஜென்சில பிடிச்சீங்க?”

அம்மா பக்கத்தில்தான் நின்றாள். சாயம்போன பருத்திச் சேலை, தோளில் பேத்தியின் பள்ளிக்கூடப் பை. ‘இவங்க எங்கம்மா’ என்பது சுகந்தியின் நாக்கு நுனி வரை வந்தது. அந்தச் சேலையைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டது.

“ஏஜென்சி இல்ல. ஊர்லேருந்து வந்தாங்க” என்றாள்.

அதில் பொய் ஒன்றும் இல்லையே என்று வீட்டுக் கதவைத் திறக்கும்வரை தனக்குள் சொல்லிக்கொண்டாள். அம்மா வழக்கம்போல் தோசை வார்த்துப் போட்டாள்.

மறுநாள் மாலை, பூங்காவுக்குப் போன அம்மாவும் மிதுனாவும் திரும்பும் நேரத்தில் சுகந்தி தங்கள் தளத்து லிஃப்ட் வாசலில் போய் நின்றாள். இன்றைக்கு அந்தப் பெண்ணும் கூட வந்தால் சொல்லிவிடுவது என்றிருந்தாள். முதுகுக்குப் பின்னால், வேலைக்காரர்களும் குப்பைக் கூடைகளும் ஏறி இறங்கும் லிஃப்ட் திறந்தது. பேத்தியின் கையைப் பிடித்தபடி அம்மா வந்தாள்.

“ஏம்மா இதுல வர்ற?”

“இதுலன்னா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்கடி.”