பஞ்சில் ஒட்டாத நிறம்

இது யார் போட்ட காயம் என்று மேக்கப் அக்காவுக்குத் தெரிந்தே ஆகவேண்டும்.

வரிசையின் கடைசி நாற்காலியில் இருந்தவரின் சட்டையைச் சற்றுமுன்தான் தூக்கிப் பார்த்திருந்தாள். இடது விலாவுக்குக் கீழே வட்டமாக ஒரு ரத்தக்கட்டு. நடுவில் கருநீலம், ஓரத்தில் மங்கிய சிவப்பு.

நிச்சயமாக அவள் போட்டது இல்லை.

விபத்துப் பிரிவின் மூத்த நர்ஸ் அவள். பெரிய விபத்து ஏதாவது நடந்து, அடிபட்டவர்கள் ஒரே நேரத்தில் வந்து குவிந்தால் எப்படிச் சமாளிப்பது என்று ஆஸ்பத்திரியில் அவ்வப்போது ஒத்திகை பார்ப்பார்கள். மாணவிகளும் அக்கம்பக்கத்துக்காரர்களும் அடிபட்டவர்களாக நடிப்பார்கள். அவர்களுக்குக் காயம் வரைவது அவள் வேலை. மேக்கப் அக்கா என்ற பெயர் அப்படி வந்து ஒட்டிக்கொண்டதுதான்.

சர்க்கரைப் பாகில் சிவப்புச் சாயம் கலந்தால் ரத்தம். மெழுகை உருக்கி ஒட்டினால் கிழிந்த தோல். வீட்டுச் சமையலறையில் தன் கையிலேயே வரைந்து பழகியபோது, தண்ணீர் குடிக்க வந்த கணவர் டம்ளரைக் கீழே போட்டுவிட்டார். அந்த டம்ளரின் நசுங்கலை இன்னமும் வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவாள்.

இன்று காலை அவள் தயார் செய்தவர்கள் ஒவ்வொருவராக வராந்தாவுக்கு வந்து உட்கார்ந்திருந்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் சிரிக்கக் கூடாது, முனகலை நிறுத்தக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். வராந்தாவே முனகிக்கொண்டிருந்தது.

கடைசி ஆள் மட்டும் வாயைத் திறக்கவில்லை. நடிக்கத் தெரியாதவர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

ஆனால் காயம் பிரமாதம்.

எதிர் அறையில் மயக்க மருந்து டாக்டரும் சிலருக்கு வரைந்துகொண்டிருந்தார். இந்த விஷயத்தில் அவளுக்குப் போட்டி அவர் ஒருவர்தான். அவர் கைவேலையாகத்தான் இருக்கும். எப்படிச் செய்தார்? சாயம் எப்போதும் தோலுக்கு மேலேதான் உட்காரும். இதுவோ தோலுக்கு அடியில் இருந்தது. இத்தனை வருஷமாக அவளுக்குப் பிடிபடாமல் போக்குக் காட்டிய வித்தை அது.

என்ன கலந்தார் என்று பார்த்துவிட வேண்டியதுதான். எண்ணெயில் பஞ்சை நனைத்து, ஓரத்தில் மெல்லத் தேய்த்தாள்.

பஞ்சு வெள்ளையாகவே வந்தது.

கொஞ்சம் அழுத்தித் தேய்த்தாள். அவர் நாற்காலியின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டார்.

அப்போதும் வெள்ளைதான்.

அவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். நெற்றியெல்லாம் வியர்வை. மற்றவர்கள் நெற்றியில் இருந்தது அவள் தெளித்த தண்ணீர். இவருக்கு அவள் தெளிக்கவில்லை. உதடுகள் வெளுத்திருந்தன. மணிக்கட்டைப் பிடித்தாள். நாடி நூலாக இளைத்து, கன வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

நாடியை யாராலும் வரைய முடியாது.

ஸ்ட்ரெச்சரை அவளே தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள். ஒத்திகை தொடங்க இன்னும் மணி அடிக்கவில்லையே, அதற்குள் என்ன அவசரம் என்று யாரோ சிரித்தார்கள். குரல் நடுங்குவதுகூட அசலாக இருக்கிறது என்று தலைமை சர்ஜன் அவளைப் பாராட்டினார்.

"இது என் வேலை இல்ல டாக்டர். நெஜம்."

சர்ஜன் அந்த மனிதரின் வயிற்றில் கை வைத்து லேசாக அழுத்தினார். சர்ஜனின் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

விசாரித்ததில் விஷயம் தெரிந்தது. காலையில் பைக் வழுக்கி, ஹேண்டில்பாரின் முனை வயிற்றில் குத்தியிருக்கிறது. மனிதர் தானே நடந்து ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறார். ஒத்திகைக்காக நிஜ நோயாளிகளைப் பக்கத்து வாசலுக்கு மாற்றியிருந்தது அவருக்கு எப்படித் தெரியும்? நடிக்க வந்தவர் என்று நினைத்து, காவலாளி அவரை இந்த வரிசையில் உட்காரச் சொல்லிவிட்டார்.

மண்ணீரல் கிழிந்து உள்ளேயே ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. ஒத்திகையைக் கைவிட்டு, ஆபரேஷன் செய்து, மனிதரைக் காப்பாற்றினார்கள். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் கையை விரித்திருப்பேன் என்றார் சர்ஜன்.

மறுநாள் மதியம் மேக்கப் அக்கா அவரைப் பார்க்க வார்டுக்குப் போனாள். ஒரு விஷயம் அவளைக் குடைந்துகொண்டே இருந்தது. அத்தனை வலியை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் எப்படி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்? போகிற வருகிற யாரையாவது கூப்பிட்டிருக்கலாமே?

கேட்டேவிட்டாள்.

அவர் கொஞ்சம் கூச்சப்பட்டார். உண்மையில் முதலில் வந்தவரே அவர்தானாம். சிகிச்சை அறைக் கதவை ஒட்டிய நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாராம். அப்புறம் தலை பிளந்தவர்களும் தோல் உரிந்தவர்களுமாக ஒவ்வொருவராக வந்து நிற்கவும், எழுந்து எழுந்து இடம் கொடுத்து, அப்படியே கடைசிக்கு வந்து சேர்ந்துவிட்டாராம். அவர்கள் கிடக்கிற கிடையில் தன் வயிற்று வலியைச் சொல்ல நாக்கு எழவில்லை என்றார்.

 பிறகு அவரே, கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கியபடி கேட்டார்.

"கையில எலும்பு வெளிய தெரிய ஒரு பொண்ணு துடிச்சிட்டிருந்துச்சே... அதுக்குக் கை சரியாயிடுமா சிஸ்டர்?"

அந்த எலும்பு, மேக்கப் அக்கா வீட்டில் உடைந்துபோன சீப்பின் கைப்பிடி.

அவள் அவர் வயிற்றுக் கட்டைப் பார்த்தாள். பிறகு, நேற்றே சுத்தமாகக் கழுவிவிட்டதாகவும், பெண் விரல்களையெல்லாம் நன்றாக அசைப்பதாகவும் சொன்னாள்.

அப்பாடா என்று அவர் தலையணையில் சாய்ந்தார்.