காயாத தடம்

"ஒங்கக்கா குளிச்சிட்டு வந்த ஈரத்தடம் இன்னும் காயலடே, ஊருல எவன் வீட்டுல இந்த அதிசயம் உண்டு?" என்று மைத்துனன் லூர்திடம் மார்தட்டினார் சவரிமுத்து. மனைவி பிலோமினாவைப் புதைத்து நாற்பத்தொரு நாள் ஆகியிருந்தது. கடலோர வீட்டின் சன்னல்களையெல்லாம் அவர் அடைத்திருந்தார். உள்ளே காற்றைக் கரண்டியால் மொள்ளலாம்; வியர்வை உலர வழியின்றி உடம்பிலேயே குடியிருந்தது.

"சூடு மண்டைக்கு ஏறிட்டு அத்தான், வெந்தே சாவீரு," என்று லூர்து மின்விசிறியைப் போட்டான்.

"ஏலே, அமத்துடே!"

லூர்தின் முதுகு சட்டென்று குளிர்ந்தது. அந்தச் சுகத்தில் கண்மூடித் திறந்தவன் குளியலறை வாசலைப் பார்த்தான். அக்காவின் சுண்டுவிரல் இல்லாத வலது பாதத்தடம் ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டிருந்தது. பாய்ந்து இரண்டு கைகளாலும் அணைகட்டினான். சவரிமுத்து விசிறியை நிறுத்தியபோது கைகளுக்குள் வெறும் தரைதான் இருந்தது.

"இருந்துச்சு, அத்தான்," என்றான் லூர்து.