மதியம் பசிக்காத ஊர்

பன்னிரண்டரை ஆனால் பில் மிஷின் படுத்துவிடும். கூட்டம் கலைந்ததும் தானாக எழுந்து உட்காரும்.

கம்பெனியின் பெயரையும் பலகையையும் வாங்கி நடத்தும் ஓட்டல் அது. மிஷினில் விழும் ஒவ்வொரு பில்லிலும் கம்பெனிக்குப் பங்கு. விழாத பில்லில் பங்கு ஏது? இது கணவனின் கண்டுபிடிப்பு. கைக்குழந்தையோடு கல்லாவில் உட்கார்ந்து ஸ்விட்சை அணைப்பது மனைவியான அவள் வேலை.

அன்றைக்குச் சரியாக மதியம் வந்து நின்றார் கம்பெனி மேனேஜரம்மா. உட்கார நாற்காலி இல்லை.

"என்ன சார், இவ்வளவு கூட்டம்?"

"இன்னைக்கு என்னவோ அதிசயமா மேடம்..." கணவன் இழுத்தான்.

"எங்க எல்லாக் கடையிலயும் மத்தியானம்தான் வியாபாரம். உங்க ஊர்ல மட்டும் யாருக்குமே மத்தியானம் பசிக்க மாட்டேங்குதே! ஏன்னு கேட்டதுக்கு, சமையல்காரம்மா சரியில்லைன்னு எழுதியிருந்தீங்க."

மனைவிக்குத் தூக்கிவாரிப் போட்டது. இப்படி எழுதினாரா?

கணவன் அவள் காதருகே குனிந்தான். "சமையல்கட்டுலேருந்துதான் யாரோ போட்டுக் கொடுத்திருக்காங்க. அந்தச் சமையல்காரம்மா மூஞ்சியே சரியில்ல, பாரு."

அதற்குள் மேனேஜரம்மா சமையல்கார அக்காவைக் கூப்பிட்டுவிட்டார்.

"நீங்களே சொல்லுங்கம்மா. மத்தியானம் ஏன் விக்கறதில்ல?"

அக்கா கல்லாவைப் பார்த்தாள். குழந்தையைப் பார்த்தாள். கல்லாவில் இருந்தவள் குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஒரு வார்த்தை போதும், கடை போய்விடும்.

"என் கைப்பக்குவம்தான் மேடம். காலையில நல்லா வருது. மத்தியானமானா சொதப்பிடுது."

"அக்கா, அந்தக் கோழி இன்னொரு பிளேட்!" மூலை மேஜையிலிருந்து ஒருவர் கத்தினார்.

மேனேஜரம்மா அவரையும் பார்த்தார், அக்காவையும் பார்த்தார். ஒன்றும் புரியவில்லை.

"சரி. அப்ப நாளையிலேருந்து வேற ஆளை அனுப்பறோம்."

கணவன் முகத்தில் விளக்கு எரிந்தது. அவள் சமையல்கட்டுக்கு ஓடினாள். அக்கா ஏப்ரனை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்க்கா இப்படிச் சொன்னீங்க?"

"சத்தம் போடாதே. எனக்கென்ன, வேற எங்கயாவது ஒரு அடுப்பு கிடைக்கும். கடை போச்சுன்னா இந்தப் பச்சைப் பிள்ளையைத் தூக்கிட்டு நீ எங்க போவே? போ, கல்லாவுல ஆள் நிக்குது."

அவள் வெளியே வந்தாள். நேரே மேனேஜரம்மா முன்னால் போய் நின்றாள்.

"மேடம், மத்தியானத்துல மிஷினை நாங்கதான் அணைச்சு வைக்கிறோம். அக்கா சமையல்ல ஒரு குறையும் இல்ல."

கடையே திரும்பிப் பார்த்தது. மேனேஜரம்மா கல்லாவுக்குப் போய் ஸ்விட்சைப் போட்டார்; மிஷின் எழுந்து உட்கார்ந்தது.

"மறைச்சதுக்கெல்லாம் அபராதத்தோட கட்டணும். அது முடியறவரைக்கும் கல்லாவுல எங்க ஆள்தான் உட்காருவார். கட்டலைன்னா பலகையை இறக்கிடுவோம்." கிளம்பியவர், சமையல்கட்டுப் பக்கம் திரும்பி, "அவங்க இங்கேயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கணவன் தலையில் அடித்துக்கொண்டான்.

"பாவி, குடியைக் கெடுத்துட்டியே! உனக்கென்ன பைத்தியமா? அதான் அந்தம்மாவே பழியைத் தன் தலையில போட்டுக்கிட்டாங்களே!"

"அதனாலதாங்க."