ஆறங்குலக் குறைவு

சவரிநாதன் இறந்து பதினொரு மாதங்கள் ஆகியிருந்தன. ஆயினும் அவருடைய துப்பாக்கியின் கணினிக் குறிநோக்கி, தோட்டா எங்கே படும் என்பதை, அவர் அதில் பதித்துவைத்திருந்த அவருடைய குரலிலேயே கணித்துச் சொல்லிக்கொண்டிருந்தது. அத்துப்பாக்கி இப்போது அவர் மனைவி பெர்னத்தின் கையில் இருந்தது.

புதிய போட்டி விதிப்படி குழலில் ஆறங்குலம் வெட்டப்பட்டுவிட்டது. குறுகிய குழலிலிருந்து தோட்டா முன்னைவிட மெதுவாகவே புறப்பட்டது. ஆகையால் மாநில அணித் தேர்வில் அவளுடைய முதல் தோட்டா, முந்நூறு மீட்டர் தொலைவில், நான்கு விரற்கடை கீழே பட்டது. இன்னும் ஒன்றே மீதமிருந்தது. அது நடுவில் படாவிட்டால் அணியில் இடமில்லை.

"அக்கா, குறிநோக்கியில குழல் நீளத்த மாத்திப் பதியுங்க," என்றார் களப் பொறுப்பாளர் தணிகாசலம். "பழசு அழிஞ்சாத்தான் புதுக் கணக்கு ஏறும்."

"குரல்?"

"அதுவும் போயிடும்க்கா. கம்பெனிக் குரல்தான் வரும்."

"வேணாம் தம்பி. உயிரோட இருந்தப்பவே அவர் சொன்னதுல பாதியத் திருத்தித்தான் குடும்பம் நடத்தினேன்."

அவள் குனிந்து குறிநோக்கியில் கண்ணை வைத்தாள்.

"பெர்னத்து, நடுவுலயே வை. மூச்ச விட்டுட்டு அழுத்து," என்றது குரல்.

அவள் நான்கு விரற்கடை மேலே வைத்துச் சுட்டாள். நடுவட்டத்தில் துளை விழுந்தது. தணிகாசலம் கைதட்டினார்.

குறிநோக்கியோ இன்னும் பழைய குழலின் வேகத்தையே நம்பிக்கொண்டிருந்தது.

"மேல போயிடுச்சு பாரு. நான் சொன்னத என்னைக்குத்தான் கேட்ட?"

முப்பதாண்டு மணவாழ்வில் ஒருநாளும் சொல்லாததை அவள் அன்று சொன்னாள்.

"தப்புதாங்க. இன்னொரு தடவ திட்டுங்க."