கறை போன சட்டை

ஆனைமலைப் பக்கத்து அகதி முகாமில் யோகராணி வீட்டுக் கொடியில் ஒரு நீலச் சட்டை சொட்டிக்கொண்டிருக்கிறது. மாதம் ஒருமுறை ஆள் சரிபார்க்க அதிகாரி வரும் காலையில், மகனின் சட்டையை அவள் இப்படித்தான் துவைத்துப் போடுகிறாள், குளித்து வேலைக்குப் போனவன் இப்போதுதான் கழற்றிப்போட்டதுபோல. நிரோஜன் வெளிநாட்டுக்குக் கள்ளப் படகேறிப் பதினோரு மாதமாகிறது. கரை சேர்ந்தேன் என்று ஒரு வார்த்தை இல்லை. மன்னாரிலிருந்து ஓடிவந்தவளுக்கு இந்த முகாமில் பிறந்தவன் அவன். எந்த நாட்டுத் தாளிலும் அவன் பெயர் கிடையாது, அதிகாரி பாலுசாமி கையிலிருக்கும் முகாம் பதிவேட்டைத் தவிர. ஆள் இங்கே இல்லையென்று தெரிந்தால் அதிலும் அடித்துவிடுவார்கள். தோப்புக் காற்றில் சட்டையின் கைகள் எழும்பி விழுகின்றன. "பெடியன் பெயின்ட் வேலைக்கு வெள்ளகோவில் போயிருக்கிறான் ஐயா. பின்னேரம் வந்திடுவான்" என்கிறாள். பாலுசாமி சட்டையின் ஓரத்தை இரண்டு விரலால் விரித்துப் பார்க்கிறார். முன்பு அதில் மஞ்சளும் வெள்ளையுமாக டிஸ்டம்பர் பெயின்ட் தெறித்துக் கிடந்தது. வெறுமனே நனைத்துப் போட்டிருந்தாலே போதும். ஆனால் பிள்ளையின் சட்டையாயிற்றே என்று மாதாமாதம் சோப்புப் போட்டுக் கசக்கியிருக்கிறாள். "ஏனுங்கம்மா, பெயின்ட் அடிக்கற தம்பி சட்டைல ஒரு பொட்டுக் கறையுங் காணமுங்களே?" அவர் குரலில் கோபமே இல்லை. தகரக் கதவருகே வெயில் ஏறுகிறது. பாலுசாமி சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைத் திறக்கிறார். யோகராணி எட்டி, ஓடப்போகும் பிள்ளையை இழுத்து நிறுத்துவதுபோல அந்தச் சட்டையின் கையை இறுகப் பிடிக்கிறாள். பிடித்த பிடியில் தண்ணீர் அவள் முழங்கைவரை வழிகிறது.