எழுதாத பாடம்

மூன்று மாதமாக ரோசால்பா டீச்சர் போர்டில் ஒரு கோடுகூடப் போடவில்லை என்று பிரின்சிபால் லாந்தூச்சிக்குப் புகார்க் கடிதம் வந்தது. வகுப்பில் இருந்த இருபத்திரண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

இத்தாலியின் அரெஸ்ஸோ நகரில் ஒரு தனியார் இசைப் பள்ளி அது. ரோசால்பாவின் பாடம் இசை வரலாறு. மனிதர்கள் இசையை எப்படி எழுத ஆரம்பித்தார்கள் என்று சொல்லித்தர வேண்டியவர், என் வகுப்பில் யாரும் எதையும் எழுதக் கூடாது என்று சொல்லிவிட்டார். புத்தகம், நோட்டு, போன் எல்லாம் பைக்குள் போய்விடும். கிறிஸ்தவ மடத்துத் துறவிகளின் பழைய பாடல்களை அவரே பாடுவார். பிள்ளைகள் கேட்டுத் திருப்பிப் பாட வேண்டும்.

லாந்தூச்சி ஒருநாள் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

"ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி இசை எழுதுற கோடெல்லாம் கிடையாது," டீச்சர் சொல்லிக்கொண்டிருந்தார். "வார்த்தைக்கு மேல சின்னச் சின்னக் கீறல்தான். குரல் ஏறுதா இறங்குதான்னு காட்டும். எவ்வளவு ஏறணும்னு காட்டாது. பாட்டு ஏற்கெனவே தெரிஞ்சவனுக்குத்தான் அது புரியும்."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் டிசம்பர் வந்துவிட்டது. பரீட்சையைத் தாளில் அல்லவா எழுத வேண்டும்?

அறைக்குக் கூப்பிட்டு விசாரித்தார். இந்த வருஷம் முழுக்க இப்படித்தான் நடத்துவேன் என்றார் ரோசால்பா. பெற்றோர் கேள்வி கேட்கிறார்கள், வேறு காரணம் இருந்தால் சொல்லுங்கள் என்று லாந்தூச்சி பொறுமையாகவே கேட்டார்.

"தயார் பண்ணிட்டு வர சோம்பல்னு பேசுறாங்க, ரோசால்பா."

"பேசட்டும்."

கடிதத்தை நீட்டினார். ரோசால்பா முதல் வரியிலிருந்து கடைசிக் கையெழுத்து வரை படித்தார். மறுபடியும் படித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"காரணம் ஒண்ணும் இல்ல," என்றார்.

கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது அவருக்கு அங்கே வேலை இல்லை. புதிதாக வந்தவர் முதல் நாளே போர்டை நிறைத்தார். பிள்ளைகள் தலை நிமிராமல் எழுதிக்கொண்டார்கள்.

பிப்ரவரியில், ருஜ்ஜேரோ என்ற மாணவனின் அம்மா மிரெல்லா பிரின்சிபாலைப் பார்க்க வந்தார். கையில் கண் டாக்டரின் சான்றிதழ். பையனுக்கு இரண்டு வருஷமாகப் பார்வை மங்கிக்கொண்டே வருகிறதாம். காகிதத்தை மூக்குக்குக் கிட்டே வைத்தால்தான் எழுத்து தெரியுமாம். போர்டு சுத்தமாகத் தெரியாதாம். இப்போது இசை வரலாற்றிலும் ஃபெயில் ஆகிவிட்டான்.

ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று கேட்டார் லாந்தூச்சி.

"கூடப் படிக்கிறவங்களுக்குத் தெரிஞ்சா பள்ளிக்கூடமே வேண்டாம்னுடுவான் சார். அதுக்குத்தான் ரொம்பப் பயப்படுறான். செப்டம்பர்ல ரோசால்பா டீச்சர்கிட்ட மட்டும் சொன்னேன். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு வாக்குக் கொடுத்தாங்க. என் வகுப்புல யாருமே எழுத வேண்டாம், அப்ப இவன் மட்டும் தனியாத் தெரிய மாட்டான்னாங்க. யாருக்காக இப்படி நடத்துறாங்கன்னு பசங்க கேட்க ஆரம்பிச்சதும் இவனுக்கு ராத்திரி தூக்கமே இல்ல."

மிரெல்லா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அந்த ஒரு வகுப்புலதான் அவன் முதல்ல நின்னான். அப்படிப்பட்டவங்க மேல புகார் எழுத யாருக்கு சார் மனசு வந்துச்சு?"

லாந்தூச்சி சான்றிதழை வாங்கி மேசைமேல் வைத்தார். அந்தக் கடிதத்தில் முதல் கையெழுத்தைப் போட்டு, மற்ற இருபத்தொரு பேரிடமும் வாங்கி, அவர் கையிலேயே கொண்டுவந்து கொடுத்தவன் ருஜ்ஜேரோ.