சிரிக்கிற பன் வண்டி

"மரியசெல்வி, உம் பொண்ணு பின்னால ஒரு வண்டி வருது. கவனிச்சியா?"

எஸ்டேட் ரைட்டர் ஆரோக்கியதாஸ் குரலைத் தாழ்த்திக் கேட்டபோது, மரியசெல்வி காப்பிச் செடியின் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்துகொண்டிருந்தாள். கையிலிருந்த கத்தி அப்படியே நின்றது.

"என்ன வண்டிங்க?"

"கோடை விழாவுக்கு வந்திருக்குதே, அந்தப் பன் வண்டி. மூணு நாளா பாக்கறேன். அற்புதம் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தா, அதுவும் பின்னாலயே ஊர்ந்து வருது. பாட்டும் இல்லை, ஹாரனும் இல்லை."

அவளுக்கு அந்த வண்டி தெரியும். ஒரு டெம்போவின் மேல் ஃபைபரில் கூடு கட்டி, 'ராசாத்தி பன்' கம்பெனிக்காரர்கள் விளம்பரத்துக்கு விட்டிருந்தார்கள். பார்த்தால் வண்டியே ஒரு பெரிய பன். அதற்கு இரண்டு பெரிய கண். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை சிரிக்கிற வாய். பகலெல்லாம் டவுனில் ஒண்டிக்கடை முக்கில் பாட்டுப் போட்டுக்கொண்டு நிற்கும். மகள் அற்புதம் வேலை பார்க்கிற பேக்கரிக்கு நேர் எதிரில்.

"அதுக்கு நம்ம தோட்டத்து ரோட்டில என்னங்க வேலை?"

"அதைத்தான் நானும் கேக்கறேன். டிரைவர் வெளியூர்க்காரன். விழா முடிஞ்சு வண்டியை எடுத்துட்டுப் போயிட்டா, அப்புறம் யாரைப் போய்ப் புடிப்பே?"

மூன்று நாளாகவே அற்புதம் சரியில்லை. வந்ததும் கதவைத் தாழ்ப்பாள் போடுகிறாள். தட்டில் போட்ட சோறு அப்படியே இருக்கிறது. கேட்டால், "ஒண்ணுமில்லம்மா" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். இருபது வயசுப் பெண். அவளை விட்டால் மரியசெல்விக்கு வேறு யாரும் இல்லை.

"பயப்படாதே. இன்னிக்கு நானே பஸ் ஸ்டாப்பில நின்னு, பைக்கில கூட்டியாந்து விடறேன்" என்றார் ரைட்டர்.

"நீங்க நொம்ப நாளைக்கு நல்லா இருக்கோணுங்க." கை கூப்பினாள். புருஷன் செத்த பிறகும் எஸ்டேட்டில் வேலையும், தொழிலாளர் லைனில் வீடும் அவளுக்குத் தங்கியிருப்பதே ரைட்டர் தயவில்தான்.

சாயங்காலம் பனி சீக்கிரமே இறங்கிவிட்டது. வாழவந்தி பஸ் ஐந்தே முக்காலுக்கு வரும். பஸ் ஸ்டாப்பிலிருந்து லைனுக்குத் தோட்டத்து வழியாக ஒரு மைல். மரியசெல்வி வாசலிலேயே நின்றாள்.

ஆறேகாலுக்குப் பைக் வந்தது. பின் சீட்டில் யாரும் இல்லை.

"என் பொண்ணு எங்கீங்க?"

"நான் கூப்பிடக் கூப்பிட, ஓடிப்போய் அந்த வண்டியில ஏறிட்டா. என்ன சொல்லி மயக்கி வச்சிருக்கானோ, தெரியலை."

அவள் உள்ளே ஓடி, கவாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"போங்க, பைக்கைத் திருப்புங்க."

"நீ எதுக்கு? நான் நாலு ஆளுங்களைச் சேத்துக்கிட்டுப் போய்…"

அதற்குள் அவள் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

பத்தடிக்கு முன்னால் என்ன இருக்கிறதென்று தெரியவில்லை. இந்நேரம் பன் வண்டி மெயின் ரோட்டுக்குத் திரும்பியிருந்தால்? மலையை விட்டு இறங்கிச் சேலம் போய்விட்டால்? ரோட்டோரத்தில் தோட்டத்துக் கிணறு ஒன்று பாழடைந்து கிடக்கிறது. அதைத் தாண்டும்போது கண்ணை இறுக மூடிக்கொண்டாள். மாதாவே, என் புள்ளைக்கு ஒண்ணும் ஆயிருக்கக் கூடாது. வாய்க்குள்ளேயே சொன்னதைத் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

வளைவில் ரைட்டர் பிரேக் போட்டார்.

பனிக்குள்ளிருந்து முதலில் அந்தச் சிரிப்புத்தான் வந்தது. பிறகு கண்கள். வண்டி நடந்து வருகிற வேகத்தில் வந்துகொண்டிருந்தது.

மரியசெல்வி குதித்து இறங்கி ரோட்டின் நடுவில் போய் நின்றாள். வண்டி நின்றதும், எட்டி ஒரு வெட்டு. ஃபைபர் பிளந்து ஒரு கண் தொங்கியது.

டிரைவர் இறங்கினான். நாற்பது வயதிருக்கும். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கியிருந்தான்.

"அம்மா, நான் சின்னத்தம்பிங்க, இந்த வண்டி டிரைவர். பொண்ணு பத்திரமா உள்ள இருக்குதுங்க."

"பேசாதே." கத்தியை அவன் பக்கம் நீட்டியபடியே கூப்பிட்டாள். "கண்ணு, இறங்கு சாமி. அம்மா வந்துட்டேன்."

கதவு திறக்கவில்லை.

"பாத்தியா? உள்ள வச்சுப் பூட்டியிருக்கான்" என்றார் ரைட்டர் பின்னாலிருந்து. "விடாதே. வெட்டிப் போடு, நான் பாத்துக்கறேன்."

மரியசெல்வி கத்தியை ஓங்கியே விட்டாள்.

"நான் பூட்டலீங்க" என்றான் டிரைவர். "பைக் சத்தம் கேட்டதும் பொண்ணுதாங்க உள்பக்கமாப் பூட்டிக்கிச்சு."

மரியசெல்வி கதவில் அறைந்தாள். "அற்புதம்! கதவைத் திற."

கண்ணாடி இரண்டு விரற்கடை இறங்கியது. அழுது வீங்கிய முகம். அற்புதம் அம்மாவைப் பார்க்கவில்லை. அம்மாவைத் தாண்டி, பின்னால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இறங்கறேம்மா. மொதல்ல நீ ரைட்டரைப் போகச் சொல்லு."

"என்ன கண்ணு சொல்றே?"

"தெனமும் பைக்கில வந்து வழி மறிக்கிறாரும்மா. உங்கிட்டச் சொன்னா உன் வேலையும் போயிடும், லைன் ஊட்டையும் காலி பண்ண வெப்பேன்னாரு. நாந்தான் இந்த டிரைவர் அண்ணனைக் கெஞ்சி, ஊடு வரைக்கும் பின்னாலயே வாங்கண்ணான்னு கேட்டுக்கிட்டேன்."

மரியசெல்வி கத்தியோடு திரும்புவதற்குள், பைக் ஸ்டார்ட் ஆகிவிட்டது.